செயலர் ஆண்டறிக்கை: தோள் விலகலைக் கண்டறிந்த வரலாறும் நம் தீர்மானமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் எலும்பு மருத்துவர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தோள் மூட்டு விலகலை, அதாவது மேற்கை எலும்பின் தலை மூட்டுக் குழியிலிருந்து நழுவுவதை, மருத்துவர்கள் எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதைத்தான் இந்த ஆண்டு முழுக்கப் படித்தோம். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ், எலும்பு அக்குளுக்குள் இறங்கும் விலகலை மட்டுமே பார்த்ததாக எழுதியிருக்கிறார். அடிபட்ட தோளை அதே ஆளின் நல்ல தோளோடுதான் ஒப்பிட வேண்டும். சிலருக்கு மூட்டு இயல்பிலேயே துருத்தியிருக்கும், அதனால் அடுத்தவர் தோளைப் பார்க்காதே என்கிறார். பயிற்சி மருத்துவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது. 1850களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மருத்துவர் டூகாஸ் ஒரு எளிய சோதனை சொன்னார்: கையை எதிர்த் தோளில் வைத்தபடி முழங்கையால் மார்பைத் தொட முடியவில்லையென்றால் மூட்டு விலகியிருக்கிறது.

அதிகம் விவாதித்தது, எலும்பு பின்னால் நழுவும் பின்பக்க விலகலைப் பற்றி. 1839இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், வலிப்பு நோயாளி ஒருவரிடம் அதைக் கண்டதை விவரித்தார். 1855இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மல்கேன் இப்படிப்பட்ட 37 பேரைத் தொகுத்து எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணாலும் கையாலும் மட்டுமே கண்டுபிடித்தவை இவை! 1895க்குப் பிறகு எக்ஸ்ரே படம் வந்தது. ஆனால் முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் பின்பக்க விலகல் கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். படத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும். அப்புறம் 'ஃப்ரோசன் ஷோல்டர்' (தோள் இறுகிப்போகும் நோய்) என்று வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள், நோயாளி வலியோடு அலைவார். இதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாலே சந்தேகம் வந்துவிடும். அவரால் திருப்ப முடியாது.

தோள் விலகும்போது மூட்டுக் குழியின் விளிம்பு கிழிவது பற்றிய பேங்கார்ட்டின் 1923 கட்டுரையையும், மேற்கை எலும்பின் தலையில் விழும் பள்ளம் பற்றிய ஹில், சாக்ஸ் இருவரின் 1940 கட்டுரையையும் ஒரே கூட்டத்தில் முடித்தோம்.

இந்த வாசிப்பிலிருந்து செயற்குழு ஒரு தீர்மானம் முன்மொழிகிறது. பின்பக்க விலகலை உண்டாக்கக்கூடிய வலிப்புக்கோ மின்சாரத் தாக்குதலுக்கோ பிறகு தோள்வலியோடு வருபவருக்கு, கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். முன்பக்கப் படத்தோடு நிறுத்தாமல் அக்குள் வழியாகவும் ஒரு படம் எடுக்க வேண்டும். இதை நம் பகுதி அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.