நாராவில் கண் திறந்தவர்

ஒசாகா,
நவம்பர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? அடைமழையில் மண் அச்சு எதுவும் காயவில்லை, வார்ப்புப் பட்டறையில் வேலை அப்படியே நிற்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். இப்போது எழுதப்போவதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, சாப்பிட்டியா" என்பதோடு முடிந்துவிடும். கடிதமென்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாரா போய்வந்தேன். எங்கள் முதியோர் இல்லத்தில் 92 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். நாராவில் பிறந்தவர். காலையில் வெந்நீர்த் துணியால் முகம் துடைத்துவிடும்போதெல்லாம், "தாய்புட்சு சானைப் பார்த்துவிட்டாயா?" என்று கேட்பார். தாய்புட்சு என்றால் பெரிய புத்தர். அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோல 'சான்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இன்னும் பார்க்கவில்லை என்றால் பாட்டியின் முகம் சுருங்கிவிடும். வந்து ஒன்றரை வருடமாகிறது, நாற்பது நிமிட ரயில் தூரம்தான், போகாமலே இருந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நேபாளப் பெண்கள் இரண்டு பேருக்கும் அன்று விடுமுறை கிடைத்தது. மூன்று பேரும் பணம் போட்டு, எங்களுக்கு மட்டுமாக ஒரு நாள் முழுக்கக் கூட வரும் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்தோம். செலவுதான். ஆனால் தகவல் பலகையிலிருக்கும் சீன எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றால் பொழுது போய்விடும், ஒன்றும் விளங்காது.

வந்தவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற அம்மா. அறுபத்தெட்டு வயதென்று அவரே சொன்னார். நாங்கள் "சென்செய்" என்றுதான் கூப்பிட்டோம், டீச்சர் என்று அர்த்தம். நம்பா ஸ்டேஷனிலிருந்தே எங்களுடன் ரயிலில் வந்தார். நாரா வரும் முன்பு ரயில் ஒரு பெரிய பொட்டல்வெளியைக் குறுக்காகக் கடந்தது. "இதுதான் அரண்மனை, எழுந்து பாருங்கள்" என்றார். ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடமாம். 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் இங்கேதான், நடுவில் சில வருடங்கள் மட்டும் வேறு ஊர்களில் இருந்தது என்றார். தலைநகரம் போன பிறகு அந்த இடம் வயல்காடாகிவிட்டது. சிவப்புத் தூண்களோடு தெரிந்த சுசாகு வாசல் 1998இல் திரும்பக் கட்டியது. கணக்கும் செய்தியும் மையால் எழுதிய மரச்சீட்டுகளை அந்த மண்ணுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

மான்களைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். கோயில் மாடு மாதிரி நடுரோட்டில் நடக்கின்றன. ஆயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. கசுகா கோயில் தெய்வம் வெள்ளை மான்மேல் ஏறி வந்ததென்பது ஐதிகம், அதனால் யாரும் அவற்றை விரட்டுவதில்லை. மானுக்கென்றே விற்கும் அப்பளம் போன்ற ஒன்றை வாங்கி நீட்டினால் தலையைத் தாழ்த்திக் கும்பிடு போடுகின்றன. கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கடித்து இழுக்கின்றன.

கோஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள், மராமத்து நடக்கிறது. அங்கே நான் பார்க்க வேண்டியது உள்ளே இருந்தது. ஒரு அசுரன். இங்கேயும் 'அஷுரா' என்றுதான் பெயர். மூன்று முகம், ஆறு கை, ஐந்தடி உயரம், 734இல் செய்தது. கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். புருவத்தை லேசாக நெரித்துக்கொண்டு, அழுகையை அடக்கி நிற்கும் பையனின் முகம் அப்பா. பக்கத்தில் கருடனும் கின்னரனும் கந்தர்வனும் இருக்கிறார்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள், வாய்மாறி வாய்மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

செய்முறையைக் கேட்டேன், உங்களுக்குச் சொல்வதற்காகவே. களிமண்ணில் கரு கட்டி, அதன்மேல் துணியை மரப்பால் அரக்கில் தோய்த்து அடுக்கடுக்காகச் சுற்றி, காய்ந்ததும் உள்ளேயிருக்கும் மண்ணை எடுத்துவிடுகிறார்கள். உள்ளே வெறும் கூடு, அதனால் எடை குறைவு. கோயில் பலமுறை தீப்பிடித்து எரிந்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட முடிந்திருக்கிறது. கோமியோ என்ற அரசி தன் தாயின் முதலாண்டு நினைவுக்குச் செய்வித்தது இது. அந்த அரசிதான் 730 வாக்கில் ஏழைகளுக்கு மருந்துச்சாலையும், ஆதரவில்லாதவர்களுக்குத் தங்கும் இல்லமும் வைத்தாராம். எங்கள் வேலை என்னவென்று சென்செய்க்குத் தெரியும். "உங்கள் வேலைக்கு முன்னோடி அவர்தான்" என்று எங்களைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். மூன்று பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் நாங்களும் தாழ்த்தினோம்.

மதியம் தேநீரில் வேகவைத்த கஞ்சி சாப்பிட்டோம். சாகாயு என்பார்கள், நாரா பக்கத்துப் பழைய சாப்பாடு. வறுத்த தேயிலையின் வாசம், உப்புக்குக் கடித்துக்கொள்ள ஊறுகாய். நம் நொய்க்கஞ்சியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு தோதாய்ஜி, பெரிய புத்தர் இருக்கும் கோயில். தெற்கு வாசலில் எட்டு மீட்டருக்கு மேலே உயரமாக இரண்டு மரத் துவாரபாலகர்கள். 1203இல் உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்களுடைய ஆட்களும் 69 நாளில் செதுக்கி முடித்தார்களாம். அதற்கும் உள்ளே அந்த மண்டபம். 57 மீட்டர் அகலம், முழுக்க மரம். வாசற்படி தாண்டி இருட்டுக்குக் கண் பழகியதும் மேலே பார்த்தேன் அப்பா. பதினைந்து மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்த திருமேனி. வலது கை அபயம், இடது கை வரதம். வைரோசன புத்தர். கண் மட்டும் ஒரு மீட்டர் நீளம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "என் அப்பா வெண்கல வார்ப்பு வேலை செய்கிறவர், காவிரிக் கரையில் சுவாமிமலை என்ற ஊர்" என்று சென்செயிடம் சொன்னேன். அதுவரை எங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர் பையைத் திறந்து படங்களை எடுத்து, அங்கேயே ஓரமாக நிறுத்திவைத்து எல்லாவற்றையும் விவரித்தார்.

735 முதல் 737 வரை நாட்டை அம்மை நோய் வாரிக்கொண்டு போயிருக்கிறது. ஆட்சியை நடத்திய ஃபுஜிவாரா சகோதரர்கள் நான்கு பேரும் அதிலே போனார்கள். அப்போதிருந்த ஷோமு சக்கரவர்த்தி 743இல் இந்தப் புத்தரைச் செய்யச் சொல்லி ஆணையிட்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆணையிலேயே இருக்கிறதாம்.

நாம் மெழுகில் உருவம் பிடித்து வார்ப்போமே, இந்த வார்ப்பில் மெழுகே கிடையாது. மரச்சட்டத்தின்மேல் களிமண்ணால் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் மண் அப்பி வெளி அச்சைத் துண்டு துண்டாக எடுத்துவைத்திருக்கிறார்கள். பிறகு உள்ளேயிருக்கும் மண் உருவத்தை, உலோகம் நிற்க வேண்டிய கனத்துக்குச் சீவிவிட்டு, அச்சைத் திரும்பப் பொருத்தி, அந்த இடைவெளியில் ஊற்றியிருக்கிறார்கள். கீழிருந்து மேலாக எட்டு அடுக்கு. ஓர் அடுக்கு முடிந்ததும் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டிலேயே உலைகளை ஏற்றி அடுத்த அடுக்கு. 747இல் தொடங்கி 749இல் முடித்தார்கள். சுமார் 500 டன் செம்பு. மேற்கே நாகனோபோரி என்ற சுரங்கத்திலிருந்து செம்பு வந்தது. உருவத்தை முடித்த தலைமைக் கைவினைஞர் குனினாகா நோ கிமிமாரோ, கொரியாவிலிருந்து வந்தவரின் பேரன். உருக்கிய உலோகத்தை ஒரு தடவை ஊற்றி முடிப்பதற்குள் நம் பட்டறையில் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்! இவ்வளவையும் அடுக்கு அடுக்காக, ஒட்டு விடாமல் எப்படி ஊற்றினார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை.

தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, அனலைக் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 440 கிலோ தங்கம், இரண்டரை டன் பாதரசம். அந்தப் புகையை யார் யார் மூச்சில் இழுத்தார்களோ. நீங்களும் உலைப் பக்கம் நிற்கும்போது துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள், சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

இனி நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்திருக்கிறார்கள். தங்கப் பூச்சுகூட அப்போது முடியவில்லை. இவர்கள் மொழியிலும் அந்தச் சடங்குக்குக் 'கண் திறப்பு' என்றுதான் பெயர். ஷோமுவுக்கு உடல்நிலை சரியில்லை. அவர் சார்பில் தூரிகையைப் பிடித்துக் கண்ணை எழுதியவர் போதிசேனர் என்ற துறவி. நம் நாட்டிலிருந்து சீனா போய், 736இல் இங்கே வந்தவர். தாயான்ஜி என்ற கோயிலில் தங்கி, கடைசிவரை ஊர் திரும்பாமல் 760இல் இங்கேயே காலமானார். அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரென்று அவருடைய சீடர் எழுதிவைத்திருக்கிறார். தெற்கே எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தெற்கு என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது.

அந்தத் தூரிகையோடு நீளமான நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்களையெல்லாம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாக ஆகட்டும் என்று. தூரிகையும் கயிறும் இன்றுவரை ஷோசோயின் கருவூலத்தில் பத்திரமாக இருந்துவருகின்றன. சென்செய் படத்தைத்தான் காட்டினார். படத்தைப் பார்த்ததற்கே கை நடுங்கியது. நீங்கள் கண் திறக்கத் தங்க ஊசி எடுக்கும் நாளில் எங்களைப் பட்டறைக்குள் விடமாட்டீர்கள். சின்ன வயதில் கதவிடுக்கில் உங்கள் முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அன்று திறந்த கண் இப்போது இல்லை. 855இல் பூகம்பத்தில் தலை விழுந்தது. 1180இல் போரில் மண்டபத்தோடு எரிந்தது. சோகென் என்ற துறவி, சீனத்திலிருந்து வந்த வார்ப்புக்காரரைக் கொண்டு திரும்ப வார்ப்பித்தார். 1185இல் மறுபடி கண் திறந்தபோது அதே பழைய தூரிகையை எடுத்திருக்கிறார்கள். 1567இல் திரும்பவும் எரிந்தது. அதன் பிறகு பெரிய புத்தர் வெகுகாலம் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருக்கிறார். கோகெய் என்ற துறவி நாடெங்கும் தானம் கேட்டுப் பணம் சேர்த்தார். இப்போதுள்ள தலை 1690 வாக்கில் வார்த்தது. மண்டபம் 1709இல் முடிந்தது, அதைப் பார்க்க கோகெய் இல்லை. உற்றுப் பார்த்தால் உடம்பின் செம்பும் தலையின் செம்பும் வேறு நிறமாகத் தெரிகின்றன. பீடத்தின் தாமரை இதழ்களில் சில முதல் வார்ப்பு. அவற்றில் உளியால் கீறிய புத்தர்களும் உலகங்களும் அப்படியே இருக்கின்றன. கோடு எங்கேயும் தயங்கவில்லை அப்பா. நீங்கள் பார்த்தால் பேசாமல் நின்றுவிடுவீர்கள்.

கசுகா கோயில் விளக்குகளைப் பார்க்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கல்லும் வெண்கலமுமாக மூவாயிரம். குளிர் காதைக் கடித்தது.

மறுநாள் காலை பாட்டிக்கு முகம் துடைக்கும்போது, "தாய்புட்சு சானைப் பார்த்தேன், அவருக்குக் கண் திறந்தவர் என் ஊர்ப் பக்கம்" என்றேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மற்ற அறைகளுக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. சுவாமிமலையில் கண் எப்படித் திறப்பீர்கள் என்று சென்செய் கேட்டார். எனக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும். என்ன நேரம், எந்தக் கண் முதலில், ஊசியை எப்படிப் பிடிப்பீர்கள், சொல்லலாம் என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். நான் ஜப்பானிய மொழியில் எழுதி அவருக்குக் கொடுக்கிறேன். தென்னை ஓலையை மடித்து அளவு வைப்பீர்களே, அதையும் அவருக்குக் காட்ட ஆசை. ஆனால் இலை, ஓலை எதையும் இந்த நாட்டுக்குள் சும்மா தபாலில் அனுப்ப முடியாது. ஒரு காகிதப் பட்டையில் அதே மாதிரி மடித்து, மடிப்புக்கு மடிப்பு பெயர் எழுதி, பதில் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். மூன்றடி அம்மனுக்குள்ள அளவு போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்