இரவு பத்து மணிக் கேள்விக்கு நன்றி

அன்புள்ள செபக்குழுவினருக்கு,

அப்பா படுக்கையில் இருந்த ஏழு மாதத்தில் கூட்டத்துக்கு நான் நாலு முறை வந்திருந்தால் அதிகம். வந்த நாளிலும் பாதியில் தூங்கிவிட்டேன். ஒருவரும் எழுப்பவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி.

ஃபாதர், "செபமே வரவில்லை" என்று வந்து நின்றபோது நீங்கள் இன்னொரு செபத்தைக் கொடுக்கவில்லை. இரவில் கொஞ்ச நேரம் அன்றைய நாளைத் திரும்பிப் பார் என்றீர்கள். அதுதான் ஆன்ம சோதனை என்றீர்கள். ஆன்ம சோதனை என்றால் பாவக் கணக்கு என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் அதற்கு வகுத்த ஐந்து படிகளில் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஒன்றும் அகப்படவில்லை. துணி, மருந்து, கோபம், அவ்வளவுதான். எட்டாம் நாளோ என்னவோ, படுக்கை விரிப்பை மாற்ற அப்பாவைப் புரட்டினேன். கனம் தாங்காமல் சலித்துக்கொண்டேன். அவர் மெல்லக் கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாரம் குறையட்டும் என்று. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அந்தப் பிடியில் ஏதும் பலம் இல்லை, ஆனாலும் விடவில்லை. அன்று இரவு சொல்வதற்கு எனக்கு ஒன்று இருந்தது.

அதைக் கேட்டது நீங்கள், அக்கா. தினமும் பத்து மணிக்குப் போன். "இன்னைக்கு ஆண்டவரை எங்க பார்த்தே?" எங்கேயும் இல்லை என்ற நாட்களில், "சரி, தூங்கு" என்று வைத்துவிடுவீர்கள். அறிவுரை சொல்லாமல் இருந்தீர்களே, அது பெரிய உதவி.

சகோதரர் லாரன்ஸைப் பற்றிச் சொன்ன அண்ணனுக்கும் நன்றி. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் கடவுளோடு பேசிக்கொண்டே வேலை பார்த்தவர் அவர். அதைவிட, அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றீர்களே, அதில்தான் எனக்கு ஆறுதல்.

"கடவுள் உன்னைச் சோதிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி எழுதலாம்தான். இன்னும் மனம் வரவில்லை.

அப்பா போன இரவு அக்கா கேள்வி கேட்கவில்லை. போனை வைக்காமல் அந்தப் பக்கம் சும்மா இருந்தார். நானும் பேசவில்லை. நாற்பது நிமிடம் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். நாற்காலி போடுவது என் பொறுப்பு. இனிமேல் தூங்கினால் எழுப்பிவிடுங்கள்.