ராயபுரம் பக்கமும் வந்து பாருங்கள்: நாய் மீட்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கைவிடப்பட்ட ஜாதி நாய்களை மீட்டு, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கும் தன்னார்வக் குழுக்கள் அனைவருக்கும்,

வணக்கம். வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மீட்கப்பட்ட பாசெட் ஹவுண்ட் இன நாய் ஒன்றைத் தத்தெடுக்க உங்களில் ஒரு குழுவிடம் கேட்டது. கொடுக்கவில்லை. வாடகை வீடு, காம்பவுண்டு சுவர் கிடையாது, கார் கிடையாது. இவையெல்லாம் சொன்ன காரணங்கள். போனில் பேசியவர் வைப்பதற்கு முன்னால், "அந்த ஏரியா பக்கம் நாங்க பொதுவா குடுக்கறதில்லைங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். எந்தக் குழு என்பது முக்கியமில்லை. இதே பதிலை வேறு வேறு ஆட்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு அலுத்திருக்கும். குட்டி போட வைத்தே தேய்த்துவிட்டு, இனி லாபமில்லை என்றதும் துரத்தப்பட்ட பெட்டை நாய்களைத் தூக்கி வந்து, கைக்காசைப் போட்டுத் தேற்றுகிறீர்கள். அப்படித் தேற்றிய நாயை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்கும்போது நாற்பது கேள்வி கேட்டாலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விகள் லாப்ரடாரையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் மனதில் வைத்து எழுதியவை. பாசெட்டுக்கு என்று தனியாக யோசித்துக் கேட்டீர்களானால் வடசென்னையில் ஏகப்பட்ட வீடுகள் தேறும். அடையாறில் சில வீடுகள் தேறாமல் போகும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பாசெட் இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன். ஊரைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன நாய், கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தது. பழைய பெயர் என்னவோ, இங்கே அது மணி. தெருவில் ஏற்கெனவே ஒரு மணி இருப்பதால் இது குட்டை மணி.

பாசெட்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். ஹஷ் பப்பீஸ் செருப்புக் கடையில் நீளக் காதோடு சோகமாக ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அதேதான். பிரான்ஸில் முயல் வேட்டைக்காக உருவான இனம். குதிரை இல்லாமல் நடந்தே போகும் வேட்டைக்காரர் பின்தொடர வசதியாகக் கால் குட்டை, வேகமும் குறைவு. மோப்பத்தில் பிளட்ஹவுண்டுக்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் கொடுப்பார்கள். தோள்பட்டை வரை அளந்தால் 15 அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம், எடையோ 25, 30 கிலோ. அப்புறம் முக்கியமான ஒன்று: இது கூட்டமாக வேட்டையாடிய இனம்.

கூட்டத்தில் பழகிய நாய் தனிமையைத் தாங்காது. கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில், எவ்வளவு பெரிய தோட்டம் இருந்தாலும் அது ஊளையிடும். தொலைவில் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்பதற்கென்றே வளர்ந்த குரல் அது, நாலு மாடிக்கும் கேட்கும். முதல் வாரமே அசோசியேஷனிலிருந்து புகார் வரும், சில மாதத்தில் நாய் உங்களிடமே திரும்பி வரும். அந்த வீட்டுக்கு காம்பவுண்டு இருந்ததா, இருந்தது. கார் இருந்ததா, இரண்டு இருந்தது.

எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்து பார்த்திருக்கிறீர்களா? தெருவில் தொடங்கிக் கொல்லை வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். ஒரே வாசலுக்குள் இரண்டு மூன்று குடித்தனம். எந்த நேரமும் யாராவது இருப்பார்கள். பாட்டி கண்ணசந்தால் பேரன் விழித்திருப்பான், துறைமுக ஷிப்ட் முடிந்து ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்புவார். மணி தனியாக இருந்த நாள் என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை. காலையில் என் மாமியார் கீரை ஆய உட்கார்ந்ததும் அவர் காலடியில், சிவப்பு சிமெண்டுத் தரையில், வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுக்கும். படுத்த இடம் சூடானதும் ஓரடி தள்ளிப் படுக்கும். மதியம் வரை அதற்கு உடற்பயிற்சி அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும்போது, அவர் தெரு முனையில் திரும்புவதற்கு முன்பே மூக்கு மேலே போய்விடும். கூடையில் சங்கராவா நெத்திலியா என்பதுகூட எங்களுக்கு முன்னால் அதற்குத் தெரியும் என்று அக்கா சத்தியம் செய்வார்.

காம்பவுண்டு விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு இழுக்கும் பக்கம் போகிற நாய் இது. வாசனை பிடித்துவிட்டால் கூப்பிடுகிற குரல் காதில் ஏறாது. அதனால் வெளியே போகும்போது கயிறு கையில் இருக்க வேண்டும், வீட்டில் கம்பிக்கதவு சாத்தியிருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் போதும், ஆறடிச் சுவர் எதற்கு? இன்னொன்று, இங்கே யார் வீட்டு நாய் எது என்பது தெருவுக்கே தெரியும். விருந்தாளி ஒருவர் கதவைத் திறந்துபோட்ட அன்று மணி எம்.சி. ரோடு வரைக்கும் நடந்துவிட்டது. அதைத் துணிக்கடைப் பையன் ஒருவன் கையில் பிடித்துக்கொண்டு வந்து விட்டுப் போனான், விலாசம் கேட்காமலேயே.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மாடிப்படியைப் பற்றி. நீளமான முதுகு, குட்டைக் கால், கனத்த உடம்பு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாரமெல்லாம் முன்னங்காலிலும் முதுகெலும்பிலும் விழுகிறது. தண்டுவட வட்டு பிதுங்கிப் பின்னங்கால் இழுத்துக்கொண்ட பாசெட்டை நீங்களே தூக்கி வந்திருப்பீர்கள். ஆகையால் தரைத்தளம்தான் நல்லது. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி வாரியக் குடியிருப்பு என்றால், எவ்வளவு பாசமான குடும்பமாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய, இதற்காக என்னைத் திட்டப்போகிறவர்களும் இருப்பார்கள். பரவாயில்லை. ஆனால் அதே கண்டிப்பை ஈ.சி.ஆரில் உள்ளுக்குள் மாடிப்படி வைத்த பங்களாவிடமும் காட்டுங்கள்.

அடுத்தது காது. வாராவாரம் காதைச் சுத்தம் செய்ய வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் பாசெட்டைக் கொடுக்கவே கூடாது என்பேன். அந்தக் காது துளையை மூடிக்கொண்டு தொங்குவதால் உள்ளே காற்று போகாது. சென்னைப் புழுக்கத்துக்குக் கேட்க வேண்டுமா? ஒரு வாரம் விட்டால் புளித்த வாடை, இன்னொரு வாரம் விட்டால் சீழ். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மகன் மணியின் தலையை மடியில் வைத்துக்கொள்வான். நான் காதைத் தூக்கிப் பிடித்து டாக்டர் கொடுத்த மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியைக் கசக்குவேன். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். மணி கண்ணை மூடிக்கொண்டு முனகும், பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. விட்டதும் எழுந்து தலையை ஒரு உதறு உதறும். மருந்தும் எச்சிலும் சுவரில், காலண்டரில், சமயத்தில் விளக்கேற்றிய சாமி படத்தில். சோறு வைக்கும்போது காது தட்டில் புரளும் என்பதால் பழைய சாக்ஸின் நுனியை வெட்டிவிட்டுத் தலையில் மாட்டி, காதைப் பின்னால் தள்ளிவிடுவோம். அந்தக் கோலத்தில் பார்க்கிற பிள்ளைகள் சிரிக்காமல் போனதில்லை.

எடையையும் கேளுங்கள். பாசெட் எவ்வளவு போட்டாலும் சாப்பிடும், ஏறும் ஒவ்வொரு கிலோவையும் முதுகுதான் சுமக்கும். "வீட்டில் யாருக்கும் தெரியாமல் நாய்க்கு பிஸ்கட் போடப்போகிறவர் யார்?" என்று படிவத்தில் ஒரு கேள்வி வையுங்கள். எங்கள் வீட்டில் யார் என்று சொல்ல மாட்டேன், அவர் இதைப் படிப்பார். இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவது, சாப்பிட்டவுடன் ஓட விடாமல் இருப்பது, வயிறு திடீரென்று உப்பி வாந்தி வராமல் குமட்டினால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது, இதையெல்லாம் கொடுக்கும்போதே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அப்படி ஓட வேண்டி வந்தால் எங்கே ஓடுவது? இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1903ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில் இருக்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கத்திலிருந்து நகரத்தையே தாண்டிக்கொண்டு வர வேண்டிய இடம், எங்களுக்கு ஒரு ஆட்டோ தூரம். ஆட்டோ என்றதும் நினைவு வருகிறது. காசிமேட்டுக் குடும்பத்தில் வீட்டுக்காரர் ஆட்டோதான் ஓட்டுகிறார். வண்டி ராத்திரியும் வாசலில்தான் நிற்கும். "கார் உண்டா" என்ற கட்டத்தில் நேர்மையாக "இல்லை" என்று எழுதினார்கள், அங்கேயே கதை முடிந்தது.

அந்தப் படிவம் முழுக்க ஆங்கிலம். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். நாயை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொள்ளப்போகிற பாட்டியும் அம்மாவும் படிக்க முடியாத தாளில் பத்தாவது படிக்கிற பிள்ளை "அம்ம்மா, இதுக்கு என்ன போடறது?" என்று கேட்டுக் கேட்டு நிரப்பினால், நீங்கள் தேர்ந்தெடுப்பது அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தைத்தான். தமிழில் ஒரு படிவம் அடியுங்கள். வாடகை வீடு என்றதும் தள்ளாமல், வீட்டு உரிமையாளரிடமும் சுவர் ஒட்டி இருக்கும் பக்கத்துக் குடித்தனத்திடமும் ஒரு சம்மதக் கையெழுத்து கேளுங்கள். ஊளை கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

வெள்ளத்தை மறைத்துப் பேச முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் நின்றது. முதுகுக்கு நல்லது என்று நான் சொல்லும் அதே தரைத்தளம்தான் மழைக்காலத்தில் வம்பு. முன்பாரம் அதிகமான, குட்டைக் காலுள்ள பாசெட்டுக்கு நீந்துவது கஷ்டம். எனவே "தண்ணீர் ஏறினால் நாயை எங்கே வைப்பீர்கள், யார் தூக்குவார்?" என்று கேளுங்கள். மேல்வீட்டில் பேசி வைத்திருக்கிற குடும்பத்துக்கு இதற்குச் சட்டென்று பதில் வரும். முழிக்கிறவர்களிடம் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் நமக்குப் பெரிய துணை இல்லை. வளர்ப்பு நாயைத் தவிக்க விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எம்.சி. ரோடில் ஒரு கர்ச்சீப் செட்கூட அந்தக் காசுக்கு வராது. அதனால் நீங்கள் செய்யும் விசாரிப்புதான் கிட்டத்தட்ட ஒரே காவல், அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. கருத்தடை முடித்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அடையாளச் சிப் பொருத்தி, மாநகராட்சி உரிமம் எடுக்கவும் கூட இருந்து கொடுங்கள். ஆறு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாருங்கள். எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், காபி குடிக்காமல் கிளம்பினால்தான் கோபம் வரும்.

2024ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்த வெயிலுக்கு ஒத்துவராததால் இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். பாசெட் ஹவுண்ட் அதில் ஒன்று. அந்தக் கொள்கையைச் சுற்றி எழுந்த சண்டை தனிக்கதை. பாசெட் விஷயத்தில் என் கருத்து, பட்டியல் சரி. இனி இங்கே ஒரு பாசெட் குட்டிகூடப் பிறக்க வேண்டாம், காசு கொடுத்து யாரும் வாங்கவும் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே பிறந்து, விற்கப்பட்டு, வீசப்பட்டவை உங்கள் கூண்டுகளில் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருடம் வாழக்கூடிய நாய்கள். அவற்றுக்கு வீடு வேண்டும், உங்களிடம் வீட்டுப் பட்டியல் குறைவு, அதில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று பாதி ஊரை நீங்களே அடித்து வைத்திருக்கிறீர்கள். சினிமாவில் பார்த்த வடசென்னையை வைத்து ஒரு நாயின் எதிர்காலத்தை முடிவு செய்யாதீர்கள்.

காசிமேட்டுக் குடும்பம் இன்னும் ஆசையை விடவில்லை. உங்களில் யாரிடமாவது நடுவயது பாசெட் ஒன்று இருந்தால், குட்டிதான் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, ஒரு நாள் சாயங்காலம் நேரில் வாருங்கள். படிவத்தைத் தமிழில் மாற்றும் வேலையை நானே செய்து தருகிறேன், காது சுத்தம் செய்யவும் மணியை வைத்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மீன் வாங்க வரும் கூட்டத்தில் காசிமேட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, குட்டை மணி வீட்டுக்காரி