ஐப்பசி மழைக்கு முன் ₹58,500 வேண்டும்: செல்லூர்ப் பகுதிப் பெண்கள் வெள்ளக் காப்புக் குழுவின் வேண்டுகோள்

மீனாட்சியம்மன் துணை.

பெரியோர்களே, அண்ணன்மாரே, மதினிமாரே,

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

2024 அக்டோபர் 25ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே பிற்பகலில் மதுரையில் ஏறத்தாழ 10 செ.மீ. கொட்டியது. பந்தல்குடி வாய்க்கால் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தபோது ஆண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போயிருந்தார்கள். படுக்கையில் கிடந்த பெரியவர்களைத் தூக்கியது, மெயின் சுவிட்சை அணைத்தது, பிள்ளைகளை மாடியேற்றியது எல்லாம் பெண்கள்தான். எந்த வீட்டில் நிறைமாதக்காரி, எந்தப் பாட்டிக்கு இன்சுலின் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அன்று வெறுங்கையோடு நின்றோம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். இப்படிக் கொட்டித் தீர்க்கும் மழை இனி அடிக்கடி வரும்.

கரை அடைப்பது மதுரைக்குப் புதிதா என்ன? வைகை பெருகியபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்தான். நாதியற்ற வந்திப் பாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது. எனக்கு யாருமில்லை என்று அவள் ஒதுங்கவில்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாகத் தருவதாகச் சொன்னாள். சொக்கநாதரே கூடையும் மண்வெட்டியுமாக வந்து நின்றார், பிரம்படியும் பட்டார். ஆவணியில் புட்டுத்தோப்பில் கூடுகிறோமே, அது அந்தப் பாட்டியின் பங்குக்காகத்தான். குடிமராமத்துக் காலத்தில் கண்மாய்க் கரைக்கு மண் சுமந்த அப்பத்தாமாரின் பேத்திகள் நாம். அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா கூலிவேலைப் பெண்களைத் திரட்டி 2019இல் பத்மஸ்ரீ பெற்றதும் இதே மண்ணில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். டீசல் பம்பு ₹32,000. மணல் மூட்டைக்குச் சாக்கும் மணலும் ₹22,500. லைஃப் ஜாக்கெட் 20, ₹18,000. மெகாபோன் 4, ₹10,000. கயிறு, டார்ச், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு ₹27,500. பொதுச் சமையலுக்கு அண்டா, அடுப்பு, சிலிண்டர் ₹40,000. மொத்தம் ₹1,50,000. வந்தது ₹91,500.

அதைத் தந்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி. மோர்ப்பந்தலுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே கொடுத்த பூக்கடைக்காரர்கள், சீட்டுப் பணம் எடுத்த கையோடு ₹2,000 தந்த இட்லிக்கடை அக்கா, துபாயிலிருந்து அனுப்பிய தம்பிகள், பொருட்களைப் பூட்டிவைக்க அறை கொடுத்த பள்ளிவாசல் பெரியவர்கள், முதலுதவி சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற நர்சம்மா, உண்டியலை உடைத்த பிள்ளைகள். நீங்களும் உங்கள் குலமும் நன்றாயிருக்க வேண்டும்.

இன்னும் 117 வீடுகள் தரவில்லை. வீட்டுக்கு ₹500 போதும். அன்று எங்கள் அண்டாச் சோற்றைச் சாப்பிட்ட வீடுகளும் இதில் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும். முடியாதவர்கள் ஒரு நாள் சாக்கில் மண் நிரப்ப வாருங்கள், அதுவும் உங்கள் பங்குதான்.

வரும் ஞாயிறு காலை 7 முதல் 11 வரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். திங்கட்கிழமை பம்புக்கு முன்பணம் கட்ட வேண்டும்.