நிறம் போய் நிறம் வர: கூத்து மேடைக்கு ஒற்றை நிற விளக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாரதக் கூத்து நடக்கும் பல ஊர்களில் இப்போது களரிக்கு, அதாவது கூத்து ஆடும் களத்துக்கு, எல்இடி பார் லைட் என்ற வண்ண மேடை விளக்கு வந்துவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி அடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மேடையில் இருக்கும் எல்லா நிறத்தையும் சில நிமிடம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு திருப்பித் தரவும் விளக்கால் முடியும். துகிலுரிதல் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒளி வேறில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். கூத்து வாத்தியார்களும், சவுண்டு சர்வீஸ்காரர்களும், விழாக் குழுவினரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் செய்முறையையே எழுதுகிறோம்.

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானிக்கு முன்னால் எரியும் சோடியம் ஆவி விளக்கைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டே கோடுகளில் அடங்கிவிடுகிறது. பொருளுக்கு என்ன நிறம் இருந்தாலும், அந்த மஞ்சளை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். குங்குமம் கறுத்துவிடும். பச்சை மங்கிவிடும், நீலம் கரியாகிவிடும். மஞ்சளும் சந்தனமும் முகத்தில் பூசும் முத்துவெள்ளையும் ஒன்றுபோல வெளுத்துத் தெரியும். கூத்துக்காரர் அணியும் மர அணிகலனான கட்டையில் ஒட்டிய வண்ணத்தாள் அடங்கிப்போய், பதித்த கண்ணாடித் துண்டுகள் மட்டும் மின்னும். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2003-ல் ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் அமைத்த செயற்கைச் சூரியனும் இந்த வகை ஒற்றை நிற விளக்குகளால் ஆனதுதான். பார்க்க வந்தவர்களும் கூடமும் மஞ்சள், கறுப்பு என்ற இரண்டுக்குள் அடங்கிப் போனார்கள்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. பார் லைட்டில் சிவப்பையும் பச்சையையும் சேர்த்து ஏற்றினால் மஞ்சள் வரும். ஹாலஜனுக்கு மஞ்சள் ஜெலட்டின் தாள் போட்டாலும் வரும். வெள்ளைத் துணியில் பார்த்தால் இரண்டும் அசல் மஞ்சளாகவே தோன்றும். ஆனால் முதலாவதில் சிவப்பும் பச்சையும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவதில் பச்சை முதல் சிவப்பு வரை எல்லாமே கலந்து வருகிறது. சிவப்புச் சேலை சிவப்பாகவே தெரியும், ஒன்றும் மறையாது. தெருக்களில் எல்இடி வந்தபின் கழற்றிப்போட்ட 70, 150, 250 வாட் சோடியம் விளக்குகளும் இதற்கு உதவாது. அவை உயர் அழுத்த வகை. அவற்றில் ஒளி பல நிறங்களுக்குப் பரவிவிடும், 589-ஐ ஒட்டிய ஒளியை அந்த ஆவியே விழுங்கியும் விடும். நமக்கு வேண்டியது குறைந்த அழுத்த வகை. அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் புதிதாகக் கிடைப்பது அரிது. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் 35 வாட் விளக்கு அந்த இனம்தான்.

அதைப் பள்ளி ஆண்டு விழாவில், பத்தடி அகல மேடைக்குப் பயன்படுத்தலாம். துறைத் தலைவரின் அனுமதியோடு, அதனுடன் வந்த டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்தே எடுக்க வேண்டும். வேறு சோக்கில் மாட்டக் கூடாது. எரியத் தொடங்கும்போது ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும், முழு மஞ்சளாகப் பத்து நிமிடம் ஆகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் போட்டால் சுடர் நிற்காது. ஆகவே காட்சிக்குக் கால் மணி நேரம் முன்பே ஏற்றி, முன்னால் தகரத் தடுப்பு வைத்து மூடி, வேண்டிய நேரத்தில் தடுப்பை விலக்குவதே வழி. ஜெனரேட்டரில் வோல்டேஜ் இறங்கினால் அணைந்துவிடும். எரியும்போது உள்ளே சோடியம் உருகிய நிலையில் இருப்பதால், ஆறும்வரை விளக்கை அசைக்கவோ சாய்க்கவோ கூடாது. உடைந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடிக்கும். ஈரக் குப்பையிலும் போடக் கூடாது.

திறந்தவெளிக் களரிக்கு ஆம்பர் எனப்படும் மஞ்சள் எல்இடிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதன் ஒளி 590 நானோமீட்டரைச் சுற்றிச் சுமார் 15 முதல் 20 நானோமீட்டர் அகலம் கொண்டது. சோடியம் அளவுக்குச் சுத்தமில்லை, ஆனால் மேடைக்குப் போதும். வாடகைக்கு வரும் பார் லைட்டில் ஆம்பர் சேனல் தனியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து அதை மட்டும் ஏற்றுங்கள். தனியாகச் செய்வதென்றால், பதினைந்துக்குப் பதினைந்து அடிக் களரிக்கு ஒரு வாட் ஆம்பர் எல்இடி 120 வேண்டும். அதில் பாதி ஒளி களத்தில் விழுந்தால் சுமார் 130 லக்ஸ் (வெளிச்ச அளவு) கிடைக்கும். ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட் என்பதால் ஐந்தைத் தொடராக இணைத்து, 4.7 ஓம் ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் 12 வோல்ட்டில் சுமார் 0.32 ஆம்பியர் ஓடும். இப்படி 24 வரிசைக்கு மொத்தம் எட்டு ஆம்பியருக்குள் அடங்கும். 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) ஒன்று போதும். லாரி பேட்டரியில், அதுவும் இன்ஜின் ஓடும்போது, நேராக மாட்டிவிடாதீர்கள். அங்கே 14 வோல்ட் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி எல்இடி கருகிவிடும். ஒவ்வொரு வரிசையையும் ஓரடி அலுமினியச் சேனலில் தெர்மல் பேஸ்ட் வைத்துப் பதியுங்கள். ஆம்பருக்குச் சூடு ஆகவே ஆகாது, 80 டிகிரியை நெருங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். களரியின் முன்பக்கம் இரு மூலைகளிலும் பத்து, பன்னிரண்டு அடி உயரத்தில் சரிபாதியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கப் பழைய சிடி ஒன்று கையில் இருந்தால் போதும். அதன் பளபளக்கும் பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். அசல் ஆம்பர் என்றால் குறுகிய மஞ்சள் பட்டை மட்டும் தெரியும். பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு கொண்ட ஆம்பரும், லாரி இண்டிகேட்டர்களில் வரும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடிய வெள்ளை எல்இடியும் பச்சையிலிருந்து சிவப்புவரை விரிந்து காட்டிவிடும். லேசரைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒற்றை நிறம்தான், ஆனால் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்து.

இனிக் காட்சி. பாஞ்சாலி வேடக்காரர் பல நிறச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். குங்கும நிறம், கிளிப்பச்சை, நீலம் கட்டாயம் இருக்கட்டும். துச்சாதனன் இழுக்கத் தொடங்கும்போது மேடையில் மஞ்சள் மட்டும். எந்தச் சேலை வந்தாலும் சாம்பலும் கறுப்புமாகவே வரும். பாஞ்சாலி இரு கையையும் தூக்கிக் கண்ணனை அழைத்ததும் 1000 வாட் ஹாலஜன் இரண்டை டிம்மரில் மெல்ல ஏற்றுங்கள். மஞ்சளை அணைக்க வேண்டியதே இல்லை; வெள்ளை கொஞ்சம் கலந்தாலே நிறம் திரும்பிவிடும். குறைந்த அளவில் எரியும் ஹாலஜன் சிவந்த ஒளி தருவதால் முதலில் குங்கும நிறம் எழும்பும், அடுத்துப் பச்சை, கடைசியாக நீலம். வெள்ளை எல்இடியில் இந்த வரிசை கிடைக்காது, எல்லா நிறமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இந்த ஓர் இடத்துக்காகவாவது பழைய ஹாலஜனைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

எட்டு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கண் பழகிவிட்டால் மஞ்சள் வெறும் சாம்பலாகத் தோன்றும், காட்சியின் வேகம் குறைந்துவிடும். அந்த ஒளியில் வயரின் சிவப்பு, கறுப்பு, பச்சை பிரித்தறிய முடியாது. எலக்ட்ரீஷியன் வெள்ளை டார்ச் இல்லாமல் எந்த இணைப்பையும் தொடக் கூடாது. களரி விளிம்பையும் படியையும் சிவப்பு பெயின்டால் குறிக்காமல் வெள்ளை டேப்பால் குறியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் காட்சி கெடுவது வெளி வெளிச்சத்தால்தான். கோயில் சீரியல் செட், டீக்கடை டியூப்லைட், வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, ஓரத்தில் நிற்கும் செல்போன் டார்ச் எதுவானாலும், களத்தில் கொஞ்சம் விழுந்தாலே சிவப்பு தலைகாட்டிவிடும். மஞ்சளை அணைத்துவிட்டுக் களத்தில் நின்று பாருங்கள். மிச்ச வெளிச்சத்தில் சேலையின் நிறம் தெரிந்தால் இன்னும் அணைக்க வேண்டியது இருக்கிறது என்று பொருள். அணைப்பது ஒளியமைப்பாளர் கையில் இல்லை. விழாக் குழுவினரிடம் நாங்கள் கேட்பது இதுதான்: துகிலுரிதல் நாளில் களரியைச் சுற்றியுள்ள சீரியல் செட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்து, அதன் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பந்தலுக்குள் வெளியேறும் வழியில் இருக்கும் விளக்கை மட்டும் விட்டுவைத்து, அதன் வெளிச்சம் களத்தில் விழாதபடி தகரம் கட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேடை ஒளியமைப்பாளர்கள் சிலர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.