விண்ட்ஷீல்டின் உயரம் மூக்கோடு நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மழைக்காலப் பைக் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பிரேக், ரெயின்கோட் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நெடுந்தூரம் போகிறவர்கள் முடிந்தவரை உயரமான விண்ட்ஷீல்டு (ஹேண்டிலுக்கு முன்னால் மாட்டும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி) மாட்டிக்கொள்வது நல்லது என்று நடுவில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதை நம்பி யாரும் கடைக்குப் போவதற்குள் இது அச்சில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் நாகர்கோவிலில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. 22 வருடமாக பைக்கில்தான் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி போய் வருகிறேன். போக 80 கிலோமீட்டர், வர 80. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியிலும் நனைவோம், ஐப்பசியிலும் நனைவோம். டாக்டர்கள் நோயாளிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிடுவார்கள். அதனால் திரும்பி வருவது பெரும்பாலும் இரவில்தான். என் உயரம் 5 அடி 4 அங்குலம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் போனால் புரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் டூரிங்குக்கு, அதாவது நெடும்பயணத்துக்கு, ஏற்றது என்று ஒரு 350 சிசி வண்டி வாங்கினேன். அதில் விண்ட்ஷீல்டு கிடையாது. 70-ஐத் தாண்டினால் காற்று நெஞ்சில் அறையும். மழையில் ரெயின்கோட்டின் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே சட்டைப்பை வரை நனைந்துவிடும். உதிரிபாகக் கடை ஒன்றில் விண்ட்ஷீல்டு கேட்டேன். கடைக்காரர் மூன்று அளவுகளை எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, பெருசாப் போடுங்க. ஒரு சொட்டுகூட மேல விழாது" என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து, இருப்பதிலேயே பெரியதை மாட்டினேன். வண்டியில் உட்கார்ந்தால் அதன் மேல்விளிம்பு என் கண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றது. 'நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், கண் எங்கே வருகிறது' என்று கடையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

பகலில் சொகுசாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசியில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல், நாங்குநேரி தாண்டி வள்ளியூரை நோக்கி வந்துகொண்டிருந்தேன். விடாத மழை. சாலைப் பணி நடந்த இடத்தில் நடுத்தடுப்பை ஒட்டி ஒருபக்கம் மூடி, வண்டிகளை எதிரும் புதிருமாக ஒரே பாதையில் விட்டிருந்தார்கள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் விண்ட்ஷீல்டில் பட்டதும், அதன்மேல் இருந்த ஒவ்வொரு துளியும் தனித்தனி விளக்காக எரிந்தது. சாலை இல்லை, கோடு இல்லை, எதுவும் இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கலாம் என்று ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றேன். அப்போதுதான் பத்தடி முன்னால் இரும்புத் தடுப்பு தெரிந்தது. பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி, தடுப்பில் உரசி நின்றது. விழவில்லை. கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வள்ளியூர்வரை ஓரமாக, இருபது கிலோமீட்டர் வேகத்தில், கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரவை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். காருக்கு முன்கண்ணாடி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் துடைக்க வைப்பர் இருக்கிறது, உள்ளே ஆவி படிந்தால் போக்க ஏசி இருக்கிறது. பைக்கில் இரண்டும் இல்லை. பைக்கின் விண்ட்ஷீல்டு அதன் வழியாகப் பார்ப்பதற்கு அல்ல, அதற்கு மேலாகப் பார்ப்பதற்கு. இந்த ஒன்றைக் கடையில் சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்றும் அப்புறம்தான் புரிந்தது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் விழும் துளிகளை நாம் கையுறையால் எப்போதாவது துடைக்கிறோம். மீதியை ஓட்டிப் போவது காற்று. அறுபது வேகத்தில் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினாலே துளிகள் ஓடிவிடும். உயரமான விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டால் அந்தக் காற்று வருவதில்லை. துளி அப்படியே உட்கார்ந்திருக்கும். மூச்சுக்காற்று வெளியேறாமல் உட்பக்கம் ஆவி படியும். ஆக நான் அன்று சாலையை விண்ட்ஷீல்டின் ஈரம், ஹெல்மெட் கண்ணாடியின் ஈரம், அதன் உள்ளே ஆவி என்று மூன்று திரைகளுக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, விண்ட்ஷீல்டே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லமாட்டேன். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டரில் விழுகிறது. நாம் 60-ல் போகும்போது மழை நமக்கு மேலிருந்து விழுவதைவிட முன்னாலிருந்து அடிப்பதுதான் அதிகம். அதனால்தான் நெஞ்சும் தொண்டையும் முதலில் நனைகின்றன. அந்த இடத்தை ஒரு நடுத்தர விண்ட்ஷீல்டே காப்பாற்றிவிடும். விளிம்பைத் தாண்டும் காற்று கொஞ்சம் மேல்நோக்கிப் போவதால், கண்ணாடி முடியும் இடத்துக்கு மேலும் சில அங்குலம் மறைவு கிடைக்கிறது. வேகம் குறைந்தால் கதை மாறும். ஊருக்குள் இருபதில் ஊர்ந்தாலும், ரயில்வே கேட்டில் நின்றாலும், மழை நேராகத் தலையில்தான். எத்தனை அடி கண்ணாடி இருந்தும் பயனில்லை. கை, முழங்கால், ஷூ ஆகியவை எந்த வேகத்திலும் நனையத்தான் செய்யும். 'ஒரு சொட்டுகூட விழாது' என்ற பேச்சை நம்பி ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றைப் பற்றியும் எங்கள் ஊர்க்காரன் சொல்லியாக வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட காற்று என்று தெரியும். வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். காவல்கிணற்றில் வடக்கே திரும்பினால் அது இடப்பக்கமாக அடிக்கும். ஹேண்டில்பாரில் மாட்டும் வகை விண்ட்ஷீல்டு அந்தக் காற்றை அப்படியே ஹேண்டிலுக்கு அனுப்புகிறது. பாய்மரம் போலத்தான். கண்ணாடி பெரிதாகப் பெரிதாக இழுப்பும் கூடும். வண்டியின் சட்டகமான சேஸில் பொருத்தும் வகை ஹேண்டிலைத் திருப்பாது, ஆனாலும் வண்டியைத் தள்ளும். ஒரு லாரியை முந்திவிட்டு வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் பெரிய கண்ணாடி செய்யும் வேலையை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. காற்றே படாமல் ஹெல்மெட்டுக்குள் வெந்துபோவோம். உயரக் கண்ணாடி குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பெரிய உதவி. திருநெல்வேலிச் சாலையில் மே மாதம் 40 டிகிரியில் அதற்கு என்ன தேவை?

அளவு பார்ப்பதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன். சமதளமான இடத்தில் வண்டியை நேராக நிறுத்தி, ஹெல்மெட் போட்டு, வழக்கமாக எப்படி உட்காருவோமோ அப்படி உட்கார வேண்டும். பின்சீட்டில் ஆள் ஏற்றுகிறவர் என்றால் அவரையும் உட்கார வைக்க வேண்டும். பின்பாரத்தில் வண்டியின் முன்பக்கம் தூக்கும், கண்ணாடியும் தூக்கும். முன்னால் 15 மீட்டரில் தரையில் ஒரு கல்லை வையுங்கள். அந்தக் கல் கண்ணாடியின் விளிம்புக்கு மேலாகத் தெரிய வேண்டும். 60 வேகத்தில் அந்த 15 மீட்டரை ஒரு நொடிக்குள் கடந்துவிடுவோம். அதற்கு அப்பால் இருப்பதாவது தடையில்லாமல் தெரியாவிட்டால் குழியைத் தப்பிக்க வழியே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கும் விளிம்புக்கும் இரண்டடி இடைவெளி இருந்தால், விளிம்பு கண்ணைவிட இரண்டேகால் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். கிட்டத்தட்ட மூக்கு நுனி. அதிலிருந்து ஒரு விரற்கடை குறைந்தாலும் கெடுதல் இல்லை.

என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் மாஸ்கிங் டேப்பைக் கொடுத்து, நான் சொல்லச் சொல்லக் கோடு ஒட்டச் செய்தேன். ஐந்து அங்குலம் அதிகமாக இருந்தது. என்னுடைய கண்ணாடி பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக். அது அக்ரிலிக் பிளாஸ்டிக் போலச் சட்டென்று விரிசல் விடாது. மெல்லிய பல் உள்ள ஹேக்சா பிளேடால் பொறுமையாக அறுத்து, அரத்தால் ஓரத்தை உருட்டி, உப்புத்தாள் போட்டேன். அறுப்பதற்கு முன்னால் கண்ணாடியின் சரிவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். ரொம்பவும் குறைத்துவிட்டால் கலங்கிய காற்று நேராக ஹெல்மெட்டில் மோதி, தலையை உலுக்கி, காதை அடைக்கும். அப்படி இருந்தால் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழைய இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பாருங்கள், பெருமளவு அடங்கும். அப்புறம், கண்ணாடியைச் சட்டை நுனியால் காய்ந்த தூசியோடு தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெத்தென்ற துணியால் துடையுங்கள். பெட்ரோலும், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் பாலிகார்பனேட்டைப் பாழாக்கும். பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல் இரவில் எதிர்வெளிச்சத்தில் கோடு கோடாக எரியும்.

வெளிநாட்டு டூரிங் வண்டிகளில் இதற்கு வழி கண்டு வெகுகாலம் ஆகிறது. பிஎம்டபிள்யூ ஆர் 1100 ஆர்டி வண்டியில் 1990-களின் நடுவிலேயே பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்கும். மழைக்கு ஒரு உயரம், வெயிலுக்கு ஒரு உயரம். அந்த விலையில் நம்மால் வாங்க முடியாது. ஆனால் 2020-ல் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சரில் இருந்ததுபோலத் திருகைக் கழற்றி இரண்டு நிலையில் மாட்டும் வசதிக்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கூடுதலாக இரண்டு துளை போதும்.

பின்சீட்டில் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் மறைப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். விண்ட்ஷீல்டுக்கும் சட்டம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தயாரிப்பவர்கள் பெட்டியின்மேல் ஒரு வரி அச்சிடட்டும்: இந்த வண்டியில் மாட்டினால் விளிம்பு இருக்கையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் என்று. வாங்குகிறவர் தன் கண் உயரத்தை வீட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அளந்துகொண்டு கடைக்குப் போவார். தங்கள் இதழில் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களும், காற்று அடிக்கிறது, அடிக்கவில்லை என்று சொல்லும்போது தங்கள் உயரத்தையும் சேர்த்து எழுதட்டும். ஆறடி ஆளுக்கு அருமையாக இருக்கும் கண்ணாடிதான் என்னை நாங்குநேரிச் சாலையில் தடுப்பில் கொண்டுபோய் விட்டது.

கடந்த மாதம் எங்கள் வட்டாரப் பிரதிநிதிகள் நான்கு பேருடைய வண்டிகளை இதேபோல் கல் வைத்துப் பார்த்தோம். இரண்டு கண்ணாடிகளை அறுக்க வேண்டியிருந்தது, ஒன்றுக்குச் சரிவை மாற்றினால் போதுமாக இருந்தது, ஒன்று சரியாகவே இருந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மழை தொடங்குவதற்குள் வாசகர்களும் ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிடலாம். ஒரு கல்லும் கொஞ்சம் டேப்பும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி,
வடசேரி, நாகர்கோவில்.