டொயோட்டா நகரிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலந்தானே? குளிர் குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். மற்றதெல்லாம் உனக்கு. ஒரகடத்தில் கார் கூட்டை வெல்டு செய்யும் பாடி ஷாப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று தெரிந்ததும், இங்கே வேலை நடக்கும் விதத்தை விவரமாக எழுதத் தோன்றியது.

ஜப்பானில் நான் இருக்கும் இந்த ஊரின் பழைய பெயர் கொரொமோ. பட்டு வியாபாரம் நடந்த ஊர். 1959-ல் டொயோட்டா கார் கம்பெனியின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். கம்பெனியின் வேர் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானாக நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. இன்று கார்கள் நகர நகரப் பாகங்களைப் பொருத்தும் லைனில் தலைக்கு மேலே ஓடும் கயிறு செய்வதும் அதே வேலைதான்.

ஷிஃப்டில் 460 நிமிட வேலை, தேவை 460 கார் என்று வைத்துக்கொள்; ஒரு காருக்கு 60 விநாடி. போல்ட் மரை மாறி ஏறினாலோ கிளிப் உட்காராவிட்டாலோ உடனே கயிற்றை இழுக்க வேண்டும். விளக்குப் பலகையில் அந்த இடத்தின் எண் மஞ்சளாக எரியும், பாட்டு ஒலிக்கும், டீம் லீடர் வருவார். தரையில் போட்ட கோட்டை வண்டி தொடுவதற்குள் சரியானால் மறுபடி கயிற்றை இழுத்து விளக்கை அணைப்பார். இல்லையென்றால் சிவப்பு; லைன் நிற்கும். விட்டுவிட்டால் அந்த ஒரு போல்ட்டுக்காகப் பின்னால் சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் கழற்ற வேண்டிவரும்.

இனி உன் வேலை. ஒரு பாடியில் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டு; தகடுகளை அழுத்திப் பிடித்துக் கரண்ட் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவது. துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டு வைக்க வைக்க, துத்தநாகம், தகட்டை அழுத்தும் செம்பு முனையான டிப்போடு கலந்து முனையைப் பித்தளையாக்கும். முனை காளான்போல் விரியும். அதே கரண்ட் அகலமான இடத்தில் பரவுவதால் உள்ளே உருகும் பொட்டு சிறுத்துப்போகும். வெளியே தழும்பு மட்டும் பெரிதாக, அழகாகத் தெரியும்! அதனால்தான் குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறை டிப்பைச் சீவுகிறார்கள். அதைத் தள்ளிப்போடாதே.

பொறி பறந்தால் நல்ல வெல்டு என்றும் எண்ணாதே. பறப்பது உள்ளே இருக்க வேண்டிய உலோகம். கரண்ட் அதிகம், அழுத்தம் குறைவு, தகடுகளுக்கிடையே இடைவெளி, டிப் கோணல் என்று ஒவ்வொன்றாகப் பார். சோதனைக்கு வெல்டு வைத்த துண்டின் தகடுகளை உரித்துப் பிரித்தால், ஒரு தகட்டில் ஓட்டையும் மறு தகட்டில் அதிலிருந்து பிய்ந்து வந்த உலோகப் பொத்தானும் நிற்க வேண்டும். 1 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பொத்தான் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வட்டத் தடம் மட்டும் விட்டுப் பிரிந்தால் அது வெறும் ஒட்டல்.

தீர்ந்ததற்கு மட்டும் அட்டை அனுப்பி வரவழைக்கும் கன்பான் முறையில் உதிரிபாகம் சில மணி நேரத்துக்குத்தான் இருப்பில் இருக்கும். 1997 பிப்ரவரி 1-ல் கரியா என்ற ஊரில், டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் ஐசின் கம்பெனியின் ஆலை எரிந்தபோது, ஒரு சிறிய பிரேக் வால்வு வராமல் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்படப் பல கம்பெனிகள் தங்கள் மெஷின்களில் அந்த வால்வைக் கடைந்து கொடுத்துத்தான் ஓடவைத்தார்கள்.

உன் லைனில் எத்தனை ஸ்பாட்டுக்கு ஒருமுறை டிப் சீவுகிறார்கள், டிப்பைக் குளிர்விக்கும் நீரோட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்